காசில்லாமல் காசு வாங்குகிறவர்கள்

1843-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலைக்கு மேத்யூ ஸ்டிக்னி என்பவர் வந்தார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் என்ற ஊர்க்காரர், தீவிரமான நாணயச் சேகரிப்பாளர். அதற்கு முந்தின ஆண்டு அந்த நாணயச்சாலையின் அதிகாரிகள் எக்ஃபெல்ட், டுபுவா இருவரும் உலக நாணயங்களைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டிருந்தார்கள். அதில் 1804 என்று ஆண்டு பொறித்த ஒரு வெள்ளி டாலரின் படம் இருந்தது. எந்தச் சேகரிப்பாளர் கையிலும் அதுவரை அப்படியொரு டாலர் இருந்ததில்லை. ஸ்டிக்னிக்கு அது வேண்டும்.

அவர் பணம் கொடுத்து அதை வாங்கவில்லை. தன்னிடமிருந்த சில நாணயங்களைக் கொண்டுபோயிருந்தார். அவற்றில் ஒன்று 1785-ஆம் ஆண்டிட்ட ‘இம்யூன் கொலம்பியா’ என்ற நாணயத்தின் தங்க வடிவம். இன்றுவரை தங்கத்தில் அது ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டிருக்கிறது. நாணயச்சாலை 1838-இல் தனக்கென ஒரு நாணயக் காட்சியகம் தொடங்கியிருந்தது. அந்தக் காட்சியகத்தில் இந்தத் தங்கம் இல்லை. அவர்கள் இதை எடுத்துக்கொண்டு 1804 டாலரை அவரிடம் கொடுத்தார்கள்.

நாட்டுக்கே பணம் அடித்துக் கொடுக்கும் இடம் அது. அங்கே போய் ‘எவ்வளவு டாலர் வேண்டும்?’ என்று கேட்பதில் என்ன பொருள் இருக்க முடியும்? டாலர் அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. இல்லாதது ஒரே ஒரு நாணயம். அது ஸ்டிக்னியிடம் இருந்தது. பணத்தால் வாங்க முடியாத பொருள் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. இங்கே அந்தப் பொருளே பணம்.

அந்த டாலரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1804 என்று போட்டிருந்தாலும் அது அடிக்கப்பட்டது 1834-ஐ ஒட்டி. சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அமெரிக்கத் தூதர் கொண்டுபோன அன்பளிப்புப் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டது. அப்போது அடித்த வகையில் இன்று எட்டு மட்டுமே அறியப்பட்டிருக்கின்றன. ஸ்டிக்னி தன் டாலரைச் சாகும்வரை கைவிடவில்லை. அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1907-இல் அது ஏலத்தில் 3,600 டாலருக்குப் போனது. 1997-இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 18 லட்சத்து 15 ஆயிரம் டாலர். அவர் கொடுத்த தங்க நாணயம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய நாணயத் தொகுப்பில் இருக்கிறது. யாருக்கு லாபம் என்று கேட்டால், 1843-இல் இரு தரப்புக்குமே லாபம் என்பதுதான் சரியான பதில். அந்த மாற்றத்தால் ஒரு புதுக் காசுகூட உருவாகவில்லை. இருந்த காசுகள் இடம் மாறின, அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு பக்கமும் இருந்ததைவிடச் செல்வம் கூடியது.

இது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பண்டமாற்று ஓர் இயலாத காரியம் என்றுதான் பொருளியல் பாடப்புத்தகம் தொடங்கும். அந்தப் பாடத்தை அழுத்தமாக எழுதியவர் ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். 1875-இல் வெளியான தம் நூலை அவர் ஒரு பாடகியின் கதையோடு தொடங்குகிறார். பாரிஸ் நகரத்துப் பாடகி செலி உலகச் சுற்றுப்பயணத்தில் பசிபிக் பெருங்கடலின் சொசைட்டி தீவுகளில் ஒரு கச்சேரி செய்தார். வசூலில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று பேச்சு. வந்த பங்கோ மூன்று பன்றி, 23 வான்கோழி, 44 கோழி, 5,000 தேங்காய், அதுபோக ஏராளமான வாழைப்பழம், எலுமிச்சை, ஆரஞ்சு. விற்க ஆளில்லை, தின்று தீர்க்கவும் முடியாது. கடைசியில் பழங்களைப் பன்றிக்கும் கோழிக்கும் தீனியாகப் போட வேண்டியதாயிற்று.

ஜெவன்ஸ் சொல்லும் சிக்கல் இது: என்னிடம் இருப்பது உங்களுக்கு வேண்டும், உங்களிடம் இருப்பது எனக்கு வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். இந்த இரட்டைப் பொருத்தம் வாழ்க்கையில் அபூர்வம். அதனால்தான் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள் நடுவே தேவைப்படுகிறது, அதுதான் பணம்.

நாணயச் சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் மட்டும் இந்த அபூர்வம் அன்றாடம் நடக்கிறது. “சார், நம்மகிட்ட ஹைதராபாத் மூணு இருக்கு. நொய்டா இருந்தா மாத்திக்கலாமா?” என்று ஒருவர் கேட்கிறார். “இருக்கு தம்பி, கண்டிஷன் பாத்துக்கோங்க” என்று மற்றவர் ஆல்பத்தைப் புரட்டுகிறார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிகிறது. கையிலிருப்பது ஒரு ரூபாய், வாங்கியதும் ஒரு ரூபாய். வங்கிக் கணக்கில் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டது மின்ட் மார்க், அதாவது நாணயச்சாலைக் குறி பற்றி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்து, ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சிறு நட்சத்திரம் இருந்தால் அது ஹைதராபாத்தில் அடித்தது. வைரம் போன்ற சாய்சதுரம் இருந்தால் மும்பை. வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே மதிப்பு, ஒரே ஆண்டு, ஆனால் சேகரிப்பாளருக்கு நான்கு வெவ்வேறு காசுகள். பத்து ஆண்டுக்குச் சேர்த்தால் ஆல்பத்தில் நாற்பது குழி. (சில ஆண்டுகளில் சில நாணயச்சாலைகள் ஒரு வகையை அடிக்காமலும் விட்டிருக்கலாம்.) எந்த ஊரில் எந்தக் குறி அதிகம் புழங்கும் என்பது அந்த ஊர் வங்கிகளுக்கு எந்த நாணயச்சாலையிலிருந்து மூட்டை வந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் ஓர் ஊர்க்காரருக்குச் சலித்துப்போன காசு, இன்னோர் ஊர்க்காரருக்குத் தேடிக் கிடைக்காத காசு.

ஆக, இரட்டைப் பொருத்தம் அபூர்வமாக இல்லாமல் போவதற்கு முதல் காரணம் டூப்ளிகேட். ஒரு வகையில் இரண்டாவது காசு வந்த உடனே அது அவருக்கு முகமதிப்புக்கு மேல் ஒன்றும் பெறாது. அது இல்லாதவருக்கோ பெரிய விஷயம். டூப்ளிகேட் எவ்வளவு சேரும் என்று கணக்குப் போட்டால்தான் மாற்றிக்கொள்வதன் உண்மையான வலிமை தெரியும். கணிதத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற கணக்கே இருக்கிறது.

அமெரிக்கா 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்தாக, ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு வடிவத்தில் கால் டாலர் நாணயம் வெளியிட்டது. டெலவேரில் தொடங்கி ஹவாயில் முடிந்த வரிசை. அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் அதைச் சேர்த்தார்கள் என்று சொல்லப்பட்டது. சேர்த்துவைத்த காசு செலவுக்குத் திரும்பி வராது. அதனால் அந்த அரசுக்குக் கிடைத்த கூடுதல் ஆதாயம் சுமார் 300 கோடி டாலர்.

எல்லா வடிவங்களும் சம அளவில் கலந்து புழங்குவதாக வைத்துக்கொள்வோம். சில்லறையாக உங்கள் கைக்கு வரும் காசுகளை மட்டும் வைத்து ஐம்பதையும் நிரப்ப எத்தனை காசு பார்க்க வேண்டியிருக்கும்? முதல் காசு நிச்சயம் புதிது. 25 வடிவங்கள் சேர்ந்தபின் அடுத்து வரும் காசு புதிதாக இருக்கப் பாதி வாய்ப்புத்தான். எனவே ஒரு புதிய வடிவத்துக்குச் சராசரியாக இரண்டு காசு. 40 சேர்ந்தபின் ஐந்து காசு. 49 சேர்ந்து ஒன்றே ஒன்று பாக்கி என்ற நிலையில், அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக 50 காசு. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 225 வருகிறது. இதில் முதல் 40 வடிவங்களுக்கு ஆவது 79 காசுதான். கடைசிப் பத்துக்கு 146.

சேகரிக்கும் எவரும் இதைக் கணக்கில்லாமலே அனுபவத்தில் அறிவார். தொடக்கத்தில் ஆல்பம் மளமளவென்று நிரம்பும். பிறகு மாதக்கணக்கில் அசையாது. கடைசியில் ஆல்பத்தில் 50 காசு, டப்பாவில் 175 டூப்ளிகேட்.

இப்போது இரண்டு பேர் சேரட்டும். இருவரும் தனித்தனியே தேடினால் 450 காசு ஆகும். டூப்ளிகேட்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 325 போதும். இந்தக் கேள்வியைத்தான் டொனால்ட் நியூமன், லாரன்ஸ் ஷெப் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1960-இல் ஒரு கட்டுரையில் தீர்த்தார்கள். அவர்கள் கண்டது என்னை இன்றும் வியக்கவைக்கிறது: முதல் செட்தான் கடுஞ்செலவு, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செட்டும் முதலாவதைவிட வெகு மலிவு. காரணம், முதல் செட்டை நிரப்பும் பாட்டில் விழும் டூப்ளிகேட்டுகளே அடுத்தவரின் செட்டைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகின்றன. கூட்டாளிகள் கூடக் கூட, ஆளுக்கு ஆகும் காசு 225-இலிருந்து இறங்கி 50-ஐ நெருங்கிக்கொண்டே போகும். தனியாளாகத் தேடுகிறவர் வீணென்று டப்பாவில் போடுகிற ஒவ்வொரு காசும் கூட்டத்துக்குள் யாரோ ஒருவரின் குழியை நிரப்புகிறது.

சரி, இருவருக்குள் பொருத்தம் வாய்க்காவிட்டால்? கோவைக்காரரிடம் இருப்பது மதுரைக்காரருக்கு வேண்டும். மதுரைக்காரரிடம் இருப்பது நெல்லைக்காரருக்கு வேண்டும். நெல்லைக்காரரிடம் இருப்பது கோவைக்காரருக்கு வேண்டும். எந்த இருவரை எடுத்தாலும் பேரம் படியாது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு சுற்றில் முடிந்துவிடும். 1974-இல் லாயிட் ஷாப்லி, ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படி மாற்றிக்கொள்ளும் வளையங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நாணயத்துக்குப் பதில் வீடுகளை உதாரணமாக வைத்தார்கள். அதில் கணிதவியலாளர் டேவிட் கேல் சொன்ன ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொருவரும் தமக்கு மிகப் பிடித்த பொருள் யாரிடம் இருக்கிறதோ அவரைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஆட்கள் எண்ணிக்கை முடிவுள்ளது என்பதால், சுட்டிய விரல்களைத் தொடர்ந்து போனால் எங்காவது ஒரு வளையம் மூடியே தீரும். அந்த வளையத்துக்குள் பொருள்களை மாற்றிக்கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, மீதிப்பேரை மறுபடி சுட்டச் சொல்ல வேண்டும். எல்லோரும் போகும்வரை இதேதான். கடைசியில் கிடைக்கும் பங்கீட்டைவிட மேலானதை எந்தச் சிறு குழுவும் தனியே பிரிந்துபோய்ப் பெற முடியாது என்று நிரூபிக்கலாம்.

வெறும் விளையாட்டுக் கணக்காகத் தோன்றிய இது உயிர் காக்கும் கருவியானது. கணவருக்குச் சிறுநீரகம் தர மனைவி தயார், ஆனால் ரத்த வகை பொருந்தவில்லை. வேறொரு குடும்பத்திலும் அதே நிலை. இரு மனைவியரும் மாற்றிக் கொடுத்தால் இருவர் பிழைப்பார்கள். சிறுநீரகத்தை விலைக்கு வாங்குவது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் சட்டவிரோதம் என்பதால் இங்கே பணத்துக்கு வழியே கிடையாது. மாற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி. ஆல்வின் ராத், தைஃபுன் சன்மெஸ், உத்கு உன்வர் மூவரும் 2004-இல் ஷாப்லி, ஸ்கார்ஃப் கட்டுரையின் வளையங்களைச் சிறுநீரக மாற்றத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள். 2012-இல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது. இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011-இல் வந்த திருத்தம் இத்தகைய பரிமாற்றத்தை அனுமதிக்கிறது. நாணயச் சங்கத்துக் கூட்டத்தில் மூன்று பேர் வளையமாக உட்கார்ந்து செய்வதும் அறுவைக் கூடத்தில் நடப்பதும் கணிதக் கண்ணுக்கு ஒன்றே.

இதுவரை பேசியது சம மதிப்புள்ள காசுகளைப் பற்றி. ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய்க்கு எத்தனை வெளிநாட்டுக் காசு ஈடு என்று வரும்போது ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அங்கே சேகரிப்பாளர்கள் செய்வது மிக நுட்பமான காரியம். இருவரும் ஒரே விலைப்பட்டியலைத் திறக்கிறார்கள். செஸ்டர் கிராஸ், கிளிஃபர்ட் மிஷ்லர் இருவரும் 1972-இல் தொடங்கிய உலக நாணயப் பட்டியல் இந்த வகையில் பெயர்பெற்றது; அதன் ‘கே.எம்.’ எண்ணைச் சொன்னால் உலகில் எந்த மூலையிலிருக்கும் சேகரிப்பாளரும் எந்தக் காசு என்று புரிந்துகொள்வார். ‘உங்களது பட்டியலில் 40 டாலர், என்னுடைய இந்த ஆறும் சேர்ந்து 40 டாலர்’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு டாலர்கூடக் கைமாறுவதில்லை.

பணத்துக்குப் பல வேலைகள் உண்டு. மதிப்பை அளப்பது ஒன்று, கைமாறும் ஊடகமாக இருப்பது இன்னொன்று. நாம் இரண்டையும் ஒன்றாகவே கண்டு பழகிவிட்டோம். சேகரிப்பாளர்கள் அவற்றைப் பிரித்து, அளப்பதை மட்டும் பணத்திடம் விட்டுவைக்கிறார்கள். இது மிகப் பழைய முறை. எகிப்தில் அரசர்களின் கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா என்ற ஊரில் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்டுச்சில்லுக் கணக்குகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மாடு வாங்கியவர் துணியும் கொழுப்பும் எண்ணெயும் கொடுக்கிறார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ‘டெபன்’ செம்பு என்று மதிப்பு எழுதிக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். டெபன் என்பது சுமார் 91 கிராம் எடை. அந்தச் செம்பு கைமாறியாக வேண்டும் என்பதில்லை. உலகின் முதல் நாணயங்கள் லிடியாவில் அடிக்கப்படுவதற்குப் பல நூறாண்டுகள் முந்தைய நடைமுறை இது. முதலில் வெறும் பண்டமாற்று, அது தொல்லையானதும் பணம் என்று பாடப்புத்தகம் சொல்லும் வரிசைக்கு மனித வரலாற்றில் சான்று இல்லை என்று மானிடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985-இல் வாதிட்டார். எகிப்திய ஓட்டுச்சில்லுகளைப் பார்க்கையில் அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, மனம். கையில் இருப்பதை விட்டுக்கொடுக்க மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. பொருளியலாளர் ஜாக் நெட்ச் 1989-இல் வெளியிட்ட சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கோப்பை கொடுத்துவிட்டு, விரும்பினால் சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். 89 சதவீதம் பேர் மாற்றவில்லை. இன்னொரு வகுப்பில் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டுக் கோப்பை வேண்டுமா என்று கேட்டார். 90 சதவீதம் பேர் சாக்லேட்டையே வைத்துக்கொண்டார்கள். எதையும் கொடுக்காமல் தேர்ந்தெடுக்கச் சொன்ன வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பாதி. ‘என்னுடையது’ என்று ஆனதுமே எடை கூடிவிடுகிறது.

அப்படியானால் சேகரிப்பாளர்கள் மட்டும் எப்படி மாற்றிக்கொள்கிறார்கள்? பொருளியலாளர் ஜான் லிஸ்ட் இதை ஆய்வுக்கூடத்தில் தேடாமல், விளையாட்டு வீரர்களின் அட்டைகளைச் சேகரிப்போர் கூடும் சந்தைக்கே போய்ச் சோதித்தார். 2003-இல் வெளியான அவர் ஆய்வில், பேஸ்பால் தொடர்பான இரண்டு நினைவுப் பொருள்களில் ஒன்றைக் கொடுத்து மற்றதற்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். சாதாரணச் சேகரிப்பாளர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே மாற்றினார்கள். அன்றாடம் கொடுத்து வாங்கும் டீலர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாற்றினார்கள். மாற்றி மாற்றிப் பழகியவர்களிடம் அந்தப் பிடிப்பு தளர்ந்திருந்தது. பழக்கம் மட்டும் காரணமல்ல, டூப்ளிகேட்டும் காரணம் என்பது என் எண்ணம். ஆல்பத்தில் ஏறிய காசுதான் ‘என்னுடையது’. டப்பாவில் கிடப்பது அடுத்தவருக்காகக் காத்திருப்பது. பிரிவதற்கு வலி இல்லை.

ஆனால் பணம் செய்யும் ஒரு வேலையை மாற்றிக்கொள்பவர்கள் தாங்களே செய்தாக வேண்டும். ஒரு ரூபாய் எந்த ஒரு ரூபாய்க்கும் சமம் என்பது பணத்தின் வசதி. சேகரிப்பில் அந்தச் சமம் கிடையாது. விளிம்பு தேய்ந்திருக்கிறதா, முகத்தில் கீறலா, கழுவப்பட்டதா என்று ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் சொல்லும் முறையை 1949-இல் வகுத்தவர் அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன். இன்று அந்த அளவுகோல் உலகில் பரவலாக வழங்குகிறது. அவர் இறந்தபின் ஓர் உண்மை வெளிவந்தது. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பழைய செப்புச் சென்ட்டுகளை அவர் ரகசியமாக எடுத்துக்கொண்டு, அந்தந்த இடத்தில் தம்முடைய தாழ்ந்த காசுகளை வைத்திருக்கிறார். அதுவும் காசுக்குக் காசுதான். மறுதரப்பின் சம்மதம் மட்டும் இல்லை. நிலையை அளக்க உலகுக்குக் கற்றுக்கொடுத்தவரே அந்த வித்தையைத் திருட்டுக்குப் பயன்படுத்தினார் என்பது நாணயவியல் வரலாற்றின் மிக வருத்தமான பக்கம். கழகம் பின்னர் வழக்காடிப் பல காசுகளை மீட்டது.

அதனால் இந்த உலகம் பெரிதும் முகம் தெரிந்தவர்களின் உலகமாகவே இருக்கிறது. ஒருமுறை தேய்ந்த காசைத் தலையில் கட்டியவருக்கு மறுமுறை மேசையில் இடம் கிடைக்காது. பணம் கொடுத்து வாங்கும்போது விற்றவரை மறந்துவிடலாம். மாற்றிக்கொள்கிறவர் அடுத்த மாதமும் எதிரே வந்து உட்காருவார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய காசு டப்பா ஒன்று இருக்கலாம். அதிலுள்ள ஒரு ரூபாய்க் காசுகளை ஆண்டு வாரியாக, குறி வாரியாக அடுக்கிப் பாருங்கள். இருப்பதையும் இல்லாததையும் இரண்டு பட்டியலாக எழுதுங்கள். புளி போட்டோ பல்பொடி போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், சேகரிப்பு மதிப்பு போய்விடும். நூறு ஆண்டு கடந்த காசு நம் நாட்டுச் சட்டப்படி தொல்பொருள்; அதை வெளிநாட்டு நண்பருக்கு மாற்றாக அனுப்பக் கூடாது. மண்ணில் கிடைத்த புதையல் என்றால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றபடி, உங்கள் ஊரில் நாணயச் சங்கம் இருந்தால் அந்தப் பட்டியலோடு ஒரு கூட்டத்துக்குப் போய் வாருங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தொடங்குங்கள். நான்கு குறிகளைக் காட்டிக்கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.